அரசு சிட்டியை ஏலத்தில் எடுத்த அனுபவம்

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்களுக்குச் சீட்டு இரண்டு வகை. பொள்ளாச்சிச் சொந்தங்களோடு போடும் ஊர்ச்சீட்டு ஒன்று, கேரள அரசின் நிதி நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ நடத்தும் சிட்டி மற்றது. ஊர்ச்சீட்டில் தள்ளுக்கு, அதாவது முன்கூட்டியே எடுப்பதற்காக விட்டுக்கொடுக்கும் தொகைக்கு, எல்லை கிடையாது. அவசரக்காரர் பாதிப் பணத்தைக்கூடத் தள்ளிவிட்டு எடுத்துப் போவார். சிட்டியில் அது நடக்காது. தள்ளுக்கு உச்சவரம்பு உண்டு, அதைப் பலர் தொட்டால் நறுக்கு, அதாவது குலுக்கல், போடுவார்கள். 1982-ஆம் வருஷத்து மத்தியச் சீட்டு நிதிச் சட்டம் சொல்லும் முறை இது. கேரளத்தில் 2012-இல்தான் அமலுக்கு வந்தது.

கிணற்றை ஆழப்படுத்த 5 லட்சம் சிட்டியில் சேர்ந்தேன். 50 மாதம், தவணை 10,000, உச்சவரம்பு 30 சதவீதம். ஆரம்ப மாதங்களில் ஏலம் என்று ஒன்று நடக்கவே இல்லை. எடுத்த எடுப்பிலேயே பலரும் 30-இல் போய் நிற்பார்கள். "உங்க பேரு இந்த மாசமும் விழலீங்கண்ணா" என்பார் அலுவலகத்துப் பெண். பணத் தேவை இல்லாதவர்களும் நின்றார்கள். எடுத்ததை அங்கேயே டெபாசிட் போட்டு வட்டி வாங்கலாமே! தேவை எவ்வளவு பெரிதானாலும் முந்த வழியில்லை. ஆனாலும் இந்த வரம்பு வேண்டும் என்பேன். ஊர்ச்சீட்டில் அவசரத்துக்குத் தள்ளி, கடைசிவரை கடனோடு நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எப்போது நிஜ ஏலம் தொடங்கும் என்பதைப் பாஸ்புக்கே சொல்லிவிடும். 30 சதவீதம் என்றால் தள்ளு 1,50,000. கமிஷன் 5 சதவீதம், அதாவது 25,000 போக, மிச்சம் 50 பேருக்குத் தலைக்கு 2,500 வீதப்பலிசை, அதாவது லாபப் பங்கு. தவணை 7,500 கட்டினால் போதும். வீதப்பலிசை 2,500-க்குக் கீழே இறங்கினால் வரம்பைத் தொட ஆள் இல்லை என்று அர்த்தம். அதைப் பார்த்த பிறகுதான், எனக்குப் பதில் ஏலம் கேட்க ப்ராக்ஸி எழுதிக் கொடுப்பதை விட்டுவிட்டு நேரில் போனேன்.

1,20,000-க்கு மேல் தள்ளுவதில்லை என்று வீட்டிலேயே முடிவு செய்திருந்தேன். மூன்று பேர்தான் கேட்டோம். கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, 1,10,000-இல் மற்ற இருவரும் நிறுத்திக்கொண்டார்கள். எனக்கு 3,90,000, வரம்பில் எடுத்திருந்தால் 40,000 குறைந்திருக்கும்.

பணம் கைக்கு வர ஜாமீன் வேண்டும். நிலத்தை வைப்பதானால் வில்லங்கச் சான்று, வரி ரசீது, வில்லேஜ் ஆபீஸின் கைவசச் சான்று எல்லாம் கேட்பார்கள். ஏலத்துக்குப் போகும் முன்பே எழுதிப் போட்டுவிடுங்கள்.