டுவைட் ஹவார்டும் மலிவான ஒப்பந்தத்தின் உண்மையான விலையும்

குறையுள்ள மூத்த வீரர் ஒருவரை என்பிஏ எனும் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கின் அணி குறைந்தபட்ச ஊதியத்துக்கு எடுக்கும்போதெல்லாம், "செலவு சொற்பம்தானே, சரிவராவிட்டால் அனுப்பிவிடலாம்" என்ற பேச்சு எழுகிறது. நான் இதை முழுமையாக ஏற்பதில்லை. வழக்கமான ஒப்பந்தங்களுக்கு ஓர் அணியில் 15 இடங்களே உள்ளன என்பதால், அத்தகைய வீரருக்கு அணி தரும் உண்மையான விலை அந்த இடமும், இளம் வீரர் ஒருவருக்குப் போயிருக்கக்கூடிய ஆட்ட நிமிடங்களுமே ஆகும்.

ஆயினும் 2019 ஆகஸ்டில், டிமார்கஸ் கசின்ஸ் முழங்காலில் காயமுற்றதை அடுத்து லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் டுவைட் ஹவார்டை எடுத்தது மிகச் சரியான முடிவு. முந்தைய பருவத்தில் ஹவார்ட் முதுகு அறுவை சிகிச்சையால் 9 ஆட்டங்களே ஆடியிருந்தார். எதிரணியின் தவறுக்கு ஈடாகத் தரப்படும் தடையற்ற எறிதல்களான ஃப்ரீ த்ரோக்களில் ஏறத்தாழ பாதியைத் தவறவிடுபவர். 2013-இல் இதே அணியை விட்டு ஹூஸ்டனுக்குச் சென்றதால் ரசிகர்களின் கசப்பும் மிச்சமிருந்தது. ஆனால் வளையத்தருகே தடுப்பது, ரீபவுண்ட் (வளையத்தில் விழாமல் திரும்பும் பந்து) எடுப்பது, அணியின் நட்சத்திர வீரர் ஆந்தனி டேவிஸ் எப்போதும் சென்டராக (வளையத்தருகே ஆடும் உயரமான வீரராக) ஆட வேண்டிய சுமையைக் குறைப்பது ஆகியவையே அணி அவரிடம் எதிர்பார்த்த பணிகள். அவரது குறைகளில் பெரும்பாலானவை இந்தப் பணிகளுக்குக் குறுக்கே வரவில்லை. ஒப்பந்தமும் உத்தரவாதமற்றது, ஜனவரித் தொடக்கத்துக்குள் விடுவித்தால் மீதித் தொகையைத் தர வேண்டியதில்லை என்பதால், உடல்நிலையையும் ஒழுங்கையும் ஆட்டக்களத்திலேயே சோதித்தறிய அணிக்கு அவகாசம் கிடைத்தது. சராசரியாக 19 நிமிடங்கள் ஆடி 7 ரீபவுண்டுகளுக்கு மேல் எடுத்த அவர், மேற்கு மண்டல இறுதிச் சுற்றில் டென்வரின் நிகோலா யோக்கிச்சுக்கு எதிராக உடல் வலிமையுடன் மல்லுக்கட்டியதை நான் இன்றும் வியப்புடன் நினைக்கிறேன். 2020-இல் லேக்கர்ஸ் பட்டம் வென்றது.

அதே அணி 2021-இல் அதே வீரரை மீண்டும் குறைந்தபட்ச ஊதியத்துக்கு எடுத்தது. இம்முறை ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்கைப் பெறுவதற்காகக் கைல் குஸ்மாவையும் கென்டேவியஸ் கால்டுவெல்-போப்பையும் கொடுத்திருந்தார்கள். அலெக்ஸ் கரூசோவும் சிகாகோவுக்குப் போய்விட்டார். வெளிவட்டத்தில் ஓடித் தடுப்பவர்கள் குறைந்துவிட்ட அணியில், உள்ளே நிற்கும் ஒரு சென்டர், அதுவும் 35 வயதில், எத்தனை ஓட்டைகளை அடைக்க முடியும்? கார்மெலோ ஆந்தனி, ராஜன் ரோண்டோ எனக் குறைந்தபட்ச ஊதியத்தில் வந்த மற்ற மூத்தவர்களாலும் அந்தக் குறையை நிரப்ப இயலவில்லை. அணி 33 வெற்றி, 49 தோல்வியுடன் பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றுகளில் ஆடும் வாய்ப்பையே இழந்தது. அந்த ஆண்டின் மலிவான ஒப்பந்தங்களில் அணிக்கு நீண்ட காலம் பலன் தந்தது, அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எவரும் எடுக்காத ஆஸ்டின் ரீவ்ஸ் என்ற இளைஞருக்குக் கொடுத்த இடம்தான்.