டிபன் டப்பாவில் ஒரு வால்வு

ஆகஸ்ட் 4
மைக்குக்காகக் கட்டிய வால்வு பெருக்கியை (வால்வு என்றால் பழைய ரேடியோவில் ஒளிருமே, அந்தக் கண்ணாடிக் குழாய்) ஆன் செய்தேன். உம்ம்ம்ம் என்று ஹம். 21-க்கு இன்னும் 17 நாள்.

ஆகஸ்ட் 5
பெட்டியைத் தராசில் வைத்தேன். மூன்றரை கிலோ! ஈசிசி83 வால்வு, அதன் இரண்டு பாதியும் இரண்டு கட்டமாக, 250 வோல்ட்டுக்கு டிரான்ஸ்ஃபார்மர், சோக். எல்லாம் உள்ளங்கை அளவு ரெக்கார்டருக்காக. அதற்குள்ளேயே ஒரு பெருக்கி இருக்கிறது. கடைசிவரை திருகினால்தான் இரையும். முன்னால் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தால் போதும். நான் ஆயிரம் மடங்குக்கு மேல் கட்டி வைத்திருக்கிறேன்.

அப்பா எட்டிப் பார்த்து, "கல்யாணத்துக்கு மைக் செட் போடுறியாடா?" என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று இருமல்.

ஆகஸ்ட் 7
இரண்டாம் கட்டத்தைக் கழற்றினேன். ஹம் குறைந்தது, போகவில்லை. வால்வைச் சூடாக்கும் ஹீட்டரில் ஏசி ஓடும்வரை போகாது. பேட்டரி என்றால் 6.3 வோல்ட்டில் 300 மில்லி ஆம்ப் கேட்கிறது. பென்சில் செல்லுக்குக் கட்டுபடியாகாது.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. 21 உறுதி.

ஆகஸ்ட் 9
சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் வால்வு என்று கேட்டால் கேஸ் வால்வா என்கிறான் ஒரு பையன். வெயில்தான் மிச்சம். எப்போதோ ஆன்லைனில் வாங்கிப் போட்ட 6418 என்ற குட்டி வால்வு இரண்டு டிராயரிலேயே கிடந்தன. பச்சை மிளகாயைவிடச் சின்னது. 1.25 வோல்ட், 10 மில்லி ஆம்ப். ஒரே ஒரு ரீசார்ஜ் செல்லில் நூறு மணி நேரம் தாராளமாக ஓடும். இத்தனை நாளும் இதை விட்டுவிட்டு என்ன செய்துகொண்டிருந்தேன்?

ஆகஸ்ட் 10
மைக், 1:10 டிரான்ஸ்ஃபார்மர், 6418, ஒரு கெப்பாசிட்டர். மூன்று 9 வோல்ட் பேட்டரி. அவ்வளவுதான். எவர்சில்வர் டிபன் டப்பாவில் அடங்கிவிட்டது.

ஆனால் சத்தமே இல்லை. சிக்னல் வெளியே வரும் அனோடில் 100 கிலோ ஓம். ரெக்கார்டரின் மைக் உள்ளீடோ சில கிலோ ஓம்தான். வந்த சிக்னலையும் அது விழுங்கிவிடுகிறது. இரவு 11 மணிக்குத் தோல்வியை ஒப்புக்கொண்டு கடைசியில் ஒரு எஃப்இடி டிரான்சிஸ்டர் வைத்தேன். முழுக்க முழுக்க வால்வு என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். சரி, யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்.

ஆகஸ்ட் 12
மேசையில் டம்ளர் வைத்தால் 'டிங்'. கதவைச் சாத்தினால் 'டிங்'. இந்த வால்வில் சூடாகும் இழையேதான் எலக்ட்ரானை விடும் கேத்தோடு. முடி மாதிரி மெல்லியது, அதிர்ந்தால் மணி அடிக்கிறது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை வெட்டிச் சுற்றி, மெல்லிய கம்பிகளில் தொங்கவிட்டேன். பாதி அடங்கியது.

ஆகஸ்ட் 13
டிங்.

ஆகஸ்ட் 15
மறுபடி உம்ம்ம்! எல்லாமே பேட்டரி, எங்கிருந்து வரும்? உள்ளீட்டு டிரான்ஸ்ஃபார்மரைக் கையால் மெல்லத் திருப்பினேன். ஓரிடத்தில் அப்படியே அமிழ்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இன்வெர்ட்டர். எவர்சில்வர் டப்பா அதைத் தடுக்காது. அப்பா இன்று கஞ்சியோடு நிறுத்திக்கொண்டார்.

ஆகஸ்ட் 18
அப்பாவிடம் மைக்கை நீட்டினால், "ஒன், டூ, த்ரீ, மைக் டெஸ்டிங்" என்கிறார். வேறு எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறார். என் சால்டரிங்கைக் குறை சொல்ல மட்டும் குரல் வருகிறது. அப்போதே பட்டனை அழுத்தியிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 19
42 நிமிடம். முதன்முதலில் திறந்து பார்த்த ரேடியோவில் ஆரம்பித்து, தாத்தாவிடம் அடி வாங்கியதுவரை. மூன்றாவது நிமிடத்தில் அம்மா காபி டம்ளரை வைக்கிறார், டிங். அதை வெட்டப் போவதில்லை.

ஆகஸ்ட் 20
பை கட்டியாகிவிட்டது. டப்பாவையும் எடுத்துக்கொள் என்கிறார் அப்பா. செல்லை சார்ஜில் போட வேண்டும்.