ஊசி போட்டும் சினை இறங்காத தாய்மீன்

ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரே தொட்டி. நான்கு ரோகு கெண்டைத் தாய்மீன்கள் விடிவதற்குள் முட்டையிட்டு முடித்திருக்கும்; ஐந்தாவது மட்டும் உப்பிய வயிற்றோடு ஓரமாக நிற்கும். ஹேட்சரியில் உடனே மருந்துப் புட்டியைத்தான் சந்தேகப்படுவார்கள். புட்டியைப் பார்ப்பதற்கு முன் அந்த மீனின் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பிக்குள் என்ன சேர்ந்திருந்தது என்று யோசிக்க வேண்டும்.

1957-ல் ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரியும் அலிகுன்ஹியும் கெண்டை இனங்களை முட்டையிட வைத்தது பிட்யூட்டரிச் சாற்றால். அந்தச் சாற்றிலேயே, முட்டை பழுத்து வெளியேறத் தூண்டும் எல்.ஹெச். ஹார்மோன் இருக்கிறது. ஊசி போட்டுக்கொள்ளும் மீனின் சொந்தச் சுரப்பி தயாராக இல்லாவிட்டாலும் ஓரளவு வேலை நடந்துவிடும். இன்று நாம் போடும் ஓவாப்ரிம் ஊசிமருந்து அப்படியல்ல. ஒரு மில்லியில் 20 மைக்ரோகிராம் சால்மன் மீனின் ஜி.என்.ஆர்.ஹெச். (எல்.ஹெச்.சை விடச் சொல்லும் மூளை ஹார்மோன்) போலச் செய்த ஒப்புருவும் 10 மில்லிகிராம் டோம்பெரிடோனும் இருக்கின்றன, எல்.ஹெச். துளியும் இல்லை. மீன் சேர்த்து வைத்திருப்பதை வெளியே விடச் சொல்லும் மருந்து அது. சேர்த்தே வைக்காத மீனிடம் கேட்டுப் பயனில்லை.

சேர்த்து வைக்கச் சொல்வது பாலியல் ஸ்டீராய்டுகள். சினைப்பை வளரும்போது சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் அரோமடேஸ் நொதியால் ஈஸ்ட்ரடயாலாக மாறுகிறது. ஈஸ்ட்ரடயால் கல்லீரலில் மஞ்சள்கருப் புரதத்தை உண்டாக்க வைப்பதோடு நிற்பதில்லை. பிட்யூட்டரியில் எல்.ஹெச். உற்பத்தியைக் கூட்டுகிறது. தங்கமீனுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது ஜி.என்.ஆர்.ஹெச்.சுக்கு அதன் பிட்யூட்டரி இன்னும் வேகமாக எல்.ஹெச்.சை விட்டது.

அதே ஸ்டீராய்டு பூட்டும் போடுகிறது, அதுவும் அவசியமான பூட்டு. சினைப்பையை எடுத்துவிட்ட தங்கமீனின் இரத்தத்தில் எல்.ஹெச். ஏறுகிறது, ஸ்டீராய்டைத் திருப்பிக் கொடுத்தால் இறங்குகிறது. கெண்டைக் குடும்பத்தில் இந்தத் தடைக்குப் பெரிய கருவி டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள். மீன்களில் மூளை நரம்புகள் நேராகப் பிட்யூட்டரிக்குள்ளேயே இறங்குவதால் டோபமைன் அங்கேயே கொட்டப்பட்டு எல்.ஹெச்.சைப் பிடித்து வைக்கிறது. மழைவெள்ளம் வரும்வரை முட்டை வீணாகாமல் காப்பது இதுதான். குளத்து நீரில் அந்த வெள்ளம் வராது. அதனால் டோபமைனைத் தடுக்கும் டோம்பெரிடோன் தேவைப்படுகிறது. அது மூளைக்குள் அதிகம் போகாது, பிட்யூட்டரியைத் தொட்டுவிடும். நமக்கு வேண்டியதும் அவ்வளவே.

ஆகவே தாய்மீன் தேர்வில்தான் பாதி வேலை. தள்ளிய வயிறு மட்டும் போதாது. இரை நிரம்பிய குடலும் அப்படித்தான் தெரியும், முந்தின நாள் தீனியை நிறுத்துங்கள். மெல்லிய குழாயால் சில முட்டைகளை எடுத்து, ஆறு பங்கு ஆல்கஹால், மூன்று பங்கு ஃபார்மலின், ஒரு பங்கு அசிட்டிக் அமிலம் கலந்த கரைசலில் ஐந்து நிமிடம் போட்டுப் பாருங்கள். முட்டை தெளிந்து உட்கரு சிறு புள்ளியாகத் தெரியும். புள்ளி நடுவில் இருந்தால் மீனைக் குளத்துக்கே அனுப்புங்கள். பெரும்பாலான முட்டைகளில் அது ஓரத்துக்கு நகர்ந்திருந்தால் ஊசி போடலாம். எல்.ஹெச். ஏறியதும் சினைப்பை ஈஸ்ட்ரடயாலை விட்டு, முட்டையை இறுதியாகப் பழுக்க வைக்கும் வேறொரு ஸ்டீராய்டுக்கு மாறும்; உட்கரு ஓரத்துக்கு வந்த முட்டையே அதற்குப் பதில் சொல்லும்.

ஓவாப்ரிம் ரோகுப் பெட்டைக்குக் கிலோவுக்கு 0.3 முதல் 0.4 மில்லி, கட்லாவுக்கு 0.4 முதல் 0.5, ஆணுக்கு 0.1 முதல் 0.2 வழக்கம். 28 டிகிரி நீரில் மாலையில் போட்டால் அதிகாலையில் முட்டை எதிர்பார்க்கலாம். குளிர்ந்த நீரில் நேரம் நீளும். அதைத் தோல்வி என்று எண்ணி அவசரமாக வயிற்றைப் பிதுக்கினால் பழுக்காத முட்டைதான் வரும், சினைப்பையும் கிழியும். பருவம் தாண்டிய மீனில் முட்டைகள் உள்ளேயே கரைந்து உறிஞ்சப்படத் தொடங்கியிருக்கும். அங்கே மருந்தின் அளவை இரட்டிப்பது தாய்மீனுக்குத் துன்பமே தவிர முட்டை கிடைக்காது.

முட்டையிடாமல் நின்ற அந்த ஐந்தாவது மீனுக்கு மறுநாளே இன்னொரு ஊசி வேண்டாம். வலையில் அலைக்கழிந்த மீனுக்கு ஹார்மோனும் சரியாகச் சுரக்காது. தனிக் குளத்தில் விட்டு நல்ல தீனி கொடுங்கள். சில வாரம் கழித்து, முதலில் முட்டையை எடுத்துப் பாருங்கள்.