முந்தானையில் முடிந்த பல்

மஞ்சக்குப்பத்தில் கிளினிக்கை மூடப்போகும் நேரம். தேவனாம்பட்டினத்துப் பாட்டி ஒருவர் எட்டு வயதுப் பேரனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். கரையில் ஏற்றி வைத்திருந்த போட்டிலிருந்து குதித்து விழுந்திருக்கிறான். மேல் முன்பல் பாதியாக உடைந்திருந்தது. உடைந்த இடத்தின் நடுவில் குண்டூசித் தலை அளவுக்குச் சிவப்பு.

"நரம்பு வெளிய தெரியுதே டாக்டரம்மா, புடுங்கிடணுமா?"

அந்தச் சிவப்புதான் பல்லுக்கு உயிர். முன்பல் ஏழெட்டு வயதில் முளைத்துவிட்டாலும், வேர் வளர்ந்து நுனி மூட மேலும் சுமார் 3 வருடம் ஆகும். எக்ஸ்ரேயில் இவனுடைய வேர்நுனி புனல் வாய் போல விரிந்து கிடந்தது. உள்ளே இருக்கும் அந்தச் சிவப்புக் கூழைச் சுத்தமாக எடுத்துவிட்டால் வேர் அந்த நிலையிலேயே நின்றுபோகும்.

படிப்பு முடித்த புதிதில் ஒரு பெண் குழந்தைக்கு அப்படித்தான் அவசரப்பட்டு எடுத்துவிட்டேன். நாலு வருடம் கழித்து அந்தப் பல் ஈறோரமாக முறிந்தது. அவள் அதைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்தாள். அந்த முறிவுக்குக் காரணம் நான்தான்.

ஸ்வீடனில் பணியாற்றிய பல் மருத்துவர் மியோமிர் ஸ்வெக் 1978-ல் இதற்கு ஒரு வழி காட்டினார். மேலாக 2 மில்லிமீட்டர் கூழை மட்டும் எடுத்துவிட்டு, மிச்சத்தின் மேல் கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்து மூடினார். 60 பற்களில் 96 சதவீதம் ஆறின. அடிபட்டுப் பல நாள் ஆன பற்களும் அவற்றில் இருந்தன. அதனால் 'நேற்றே வந்திருக்கக் கூடாதா' என்று நான் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை.

மரத்துப்போக ஊசி போட்டு, தண்ணீர் பீய்ச்சியபடியே டைமண்ட் பர் என்ற சுழலும் சிறு கருவியால் கூழின் மேற்பகுதியை மெல்லச் சீவினேன். சலைனில் நனைத்த பஞ்சை வைத்து ஐந்து நிமிடம் காத்திருந்தேன். எத்தனை முறை செய்தாலும் இந்த ஐந்து நிமிடம்தான் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். ரத்தம் நிற்காவிட்டால் கீழே இருப்பதும் வீங்கியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டும் என்று அர்த்தம். பஞ்சை எடுத்தேன். நின்றிருந்தது. ரோஜா நிறத்தில் ஈரமாக மின்னியது கூழ்.

பயோடென்டின் என்ற பல் சிமென்ட்டை வைத்து மூடினேன். பழைய எம்டிஏ மருந்து முன்பல்லைக் கறுக்க வைத்துவிடும்.

அப்புறம் பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உடைந்த துண்டு! காய்ந்து சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. தண்ணீரிலோ பாலிலோ போட்டு எடுத்து வந்தால் நல்லது. ஆனாலும் அவர் அதை மணலில் தேடி எடுத்தாரே, அதுவே பெரிது. சலைனில் ஊறவைத்து ஒட்டினேன்.

இரண்டு மாதம், மூன்று, ஆறு என்று பாட்டி தவறாமல் கூட்டி வந்தார். ஒரு வருடம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் மருந்துக்கு அடியில் வெள்ளைக்கோடாய்ப் புதுச் சுவர் கட்டியிருந்தது. புனல் வாயும் ஒடுங்கியிருந்தது. பல்லுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்கக் குளிர்ந்த பஞ்சைப் பல்லில் வைத்தேன். சட்டென்று கையைத் தூக்கினான்.

"கூசுது டாக்டர்!"