எந்தப் பெட்டிக்குள் புள்ளடி போடுவது?

இருக்க வேண்டிய இடத்தில் இருக்காமல் எழும்பிப் போவாரா, உதாரணமாகச் சாப்பாட்டு மேசையில்? மகனுக்கு ஏ.டி.எச்.டி, அதாவது கவனம் நிற்காமலும் துடியாட்டமாகவும் இருக்கும் நிலை, உண்டா என்று பார்க்கும் படிவத்தில் இது ஒரு கேள்வி. ஒருபோதும் இல்லை, சில வேளை, அடிக்கடி, மிக அடிக்கடி என்று எதிரே நாலு பெட்டி.

எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையே இல்லை. ஏழு வயது மகன் சோபாவில் இருந்து ஜன்னலுக்கும், ஜன்னலில் இருந்து படிக்கட்டுக்கும் ஓடுவான். நான் சோற்றையும் பருப்பையும் குழைத்து உருட்டிக்கொண்டு தட்டோடு பின்னால் போவேன். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் அம்மா எனக்குத் தீத்தியதும் இப்படித்தான். இதற்கு எந்தப் பெட்டி? கடைசியில் ஒன்றுக்கும் புள்ளடி போடாமல், நடப்பதை ஓரத்தில் அப்படியே எழுதி வைத்தேன்.

2023 இல் பராமரிப்புப் பணியாளர் விசாவில் இங்கிலாந்தின் கொவென்ட்ரிக்கு வந்தேன். இவரும் மகனும் என் விசாவோடு சேர்ந்து வந்தவர்கள். 2024 மார்ச் 11 இலிருந்து விண்ணப்பித்தவர்களுக்கு, குடும்பத்தைக் கூட்டிவரும் அந்த வழியும் அடைபட்டுவிட்டது. மகன் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். எல்லாப் பிள்ளைகளும் கார்ப்பெட்டில் சம்மணம் கட்டிக் கதை கேட்கும்போது இவன் மட்டும் பின்னுக்குப் போய் உருளுகிறானாம். பக்கத்துப் பிள்ளையின் சப்பாத்து லேஸை அவிழ்க்கிறானாம். கேள்வி முடிய முதலே பதில் கத்துகிறானாம். “வீட்டில் எப்படி?” என்று ரீச்சர் கேட்டா. இவர் முந்திக்கொண்டு, “வீட்டில் ஒரு பிரச்சினையும் இல்லை” என்றார்.

எங்கட ஆக்கள் முக்கால்வாசிப்பேர் சொல்கிற பதில்தான். ஆனால் ஏ.டி.எச்.டி என்று தீர்மானிக்க, இரண்டு இடத்திலாவது இந்தக் குணங்கள் தெரிய வேண்டும். ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். வீட்டுக் கதையை மூடி வைத்தால் பள்ளிக்கூடத்துக் கதை ஒன்றுதான் மிஞ்சும். அதையும் ‘இங்கிலீஷ் இன்னும் விளங்கவில்லை’ என்று முடித்துவிடலாம். எங்களுக்கும் முதலில் அந்தச் சமாதானம்தான் சொல்லப்பட்டது. வீட்டிலும் இங்கிலீஷ் கதைத்துப் பாருங்கோ என்ற புத்திமதி வேறு. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஏ.டி.எச்.டி வருவதில்லை. அதை எனக்கு நிச்சயமாக்கியது சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம். அங்கே எல்லாம் தமிழில்தான். படிப்பிக்கிற அக்கா சொன்னா: “ஆள் கெட்டிக்காரன், ஆனா அஞ்சு நிமிசம் இருத்தேலாது.” அதையே அவவிடம் எழுதி வாங்கி, படிவத்தோடு இணைத்தேன்.

இவருக்கு வேறு பயம். பிள்ளைக்கு இப்படி ஒரு பெயர் விழுந்தால் நாளைக்கு விசா நீட்டும்போது சிக்கலாகுமோ? வேலைத்தலத்து அண்ணை ஒருவர் நன்றாக ஏற்றிவிட்டிருந்தார். விதிகளை நானே வாசித்தேன். எங்கள் விசாவில் அரச உதவிப்பணம் எடுக்கக் கூடாது, ஆகவே டி.எல்.ஏ என்கிற இயலாமைக் கொடுப்பனவு எங்களுக்கு இல்லை. பள்ளிக்கூட உதவியும் என்.எச்.எஸ் என்கிற அரச வைத்தியமும் அந்தத் தடைப் பட்டியலில் வராது. 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு மருந்துச் சீட்டுக்கும் காசு கட்டத் தேவையில்லை.

ஜி.பி என்கிற குடும்ப டொக்டர் இதைத் தானே தீர்மானிக்க மாட்டார், சிறப்பு நிபுணர்களுக்கு எழுதி அனுப்புவார். பல இடங்களில் அந்த வரிசை வருடக்கணக்கு. இங்கிலாந்தில் ‘ரைட் டு சூஸ்’ என்று ஒன்று உண்டு: என்.எச்.எஸ்ஸோடு ஒப்பந்தம் உள்ள வேறு நிலையத்துக்கு அனுப்பும்படி நாங்களே கேட்கலாம். எங்களுக்கு யாரும் தாமாக வந்து சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்தில் ‘ரிப்போர்ட் வரட்டும், பிறகு பார்ப்போம்’ என்றார்கள். இதில்தான் எனக்கு உண்மையாகக் கோபம் வந்தது. பிள்ளைகள், குடும்பங்கள் பற்றிய 2014 ஆம் ஆண்டுச் சட்டம் பிள்ளையின் தேவையைத்தான் பார்க்கிறது. டொக்டரின் கடிதம் வரும்வரை உதவியைப் பிடித்து வைக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு பிரதேசத்திலும் சென்டியாஸ் என்ற இலவச ஆலோசனைச் சேவை இருக்கிறது. எனக்கு விளங்கப்படுத்தியது அவர்கள்தான். கூடுதல் உதவி தேவைப்பட்டால் இ.எச்.சி.பி, அதாவது பிள்ளைக்கு என்ன உதவி என்று சட்டப்படி எழுதித் தரும் திட்டம், அதற்கான மதிப்பீட்டைப் பெற்றோரே உள்ளூர் கவுன்சிலிடம் நேரடியாகக் கேட்கலாம், ஆறு கிழமைக்குள் பதில் தர வேண்டும் என்றும் சொன்னார்கள். எங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டி வரவில்லை. விசேட தேவைகளுக்குப் பொறுப்பான சென்கோ ரீச்சருக்கு ஈமெயில் போனதும் முன்வரிசையில் இடம், நடுநடுவே எழும்பி நடக்க அனுமதி, வேலையைச் சின்னச் சின்னத் துண்டாகக் கொடுப்பது எல்லாம் தொடங்கின. வாயால் கேட்டபோது நடக்காதவை.

மதிப்பீட்டு நாளில் கம்ப்யூட்டர் முன்னால் இருத்தி, நெற்றியில் ஒரு பட்டியும் கட்டி, கால் மணித்தியாலம் போல ஒரு சோதனை. வட்டம் வந்தால் பொத்தானை அமத்த வேண்டும், வட்டத்துக்குள் சிலுவை இருந்தால் அமத்தக் கூடாது. தலை எவ்வளவு அசைகிறது என்று கமரா அளக்கும். ஆனால் டொக்டர் கூடுதல் நேரம் செலவழித்தது எங்களோடு. தகப்பன் சின்ன வயதில் எப்படி என்று கேட்டார். இவர் தன் அம்மாவுக்கு, என் மாமிக்கு, அப்போதே வட்ஸ்அப்பில் எடுத்தார்.

“அவன்ர தகப்பனும் இப்பிடித்தான் பிள்ளை. ஒரு நாளும் கொப்பி முழுசா வீட்ட வந்ததில்லை. குழப்படிக்கெல்லாம் ஏன் டொக்டர்?”

ஒன்றும் இல்லை என்று காட்டத்தான் மாமி சொன்னா. மொழிபெயர்ப்பாளர் சொல்லச் சொல்ல டொக்டர் குறித்துக்கொண்டார். ஏ.டி.எச்.டி குடும்பத்தில் வருவது. இரட்டையர் ஆய்வுகள் அதன் மரபுப் பங்கை 70 முதல் 80 சதவீதம் என்று கணக்கிடுகின்றன. கொக்குவிலில் அந்தக் குணத்துக்குக் கிடைத்தது பூவரசந்தடி.

கவனக்குறைவும் துடியாட்டமும் இரண்டும் சேர்ந்த வகை என்று ரிப்போர்ட் வந்தது. வகுப்பில் செய்த மாற்றங்கள் மட்டும் போதவில்லை என்று பார்த்த பிறகே மீதைல்ஃபெனிடேற் என்ற மருந்தைத் தொடங்கினோம். மத்தியானப் பசியை அது குறைக்கிறது. அதனால் காலையில் குளிசைக்கு முதல் புட்டும் முட்டையும். இரவு பசி திரும்பினதும் இன்னொரு சாப்பாடு. பத்து வயது வரைக்கும் மூன்று மாதத்துக்கு ஒருக்கால் நிறை பார்க்க வேண்டும். உயரம், இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு ஆறு மாதத்துக்கு ஒருக்கால்.

சாவியைத் தேடாமல் ஒரு நாளும் வேலைக்குப் போகாத இவர், போன மாதம் தன் பெயரையும் ஜி.பி.யிடம் கொடுத்துவிட்டு வந்தார். பெரியவர்களுக்கு வரிசை வேறு.