நாய்ச் சாப்பாட்டு மூட்டையைத் திருப்பிப் பார்த்து வாங்குவது எப்படி

ஹற்றனிலோ பண்டாரவளையிலோ கடைக்காரர் மூட்டையை எடுத்து வைக்கும்போது முன்பக்கம்தான் நமக்குத் தெரியும். பளபளப்பான நாய், ஒரு முழுக் கோழி, இரண்டு கரட். நமக்கு வேண்டியதெல்லாம் பின்பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கிறது. 2022இல் இலங்கையில் டொலர் 200 ரூபாவிலிருந்து 350ஐத் தாண்டிய பிறகு, வெளிநாட்டு மூட்டைகளின் விலையைக் கேட்டாலே தலை சுற்றுகிறது. ஆகவே அந்தப் பொடி எழுத்தை வாசிக்கக் கற்றுக்கொள்வது வீண்வேலை அல்ல.

முதலில் விலை. கிலோவுக்கு எவ்வளவு என்று பார்ப்பது பெரும்பாலும் ஏமாற்றும். ஆயிரம் கிலோ கலோரிக்கு எவ்வளவு என்று பாருங்கள். ஒரு கணக்குக்கு, 3 கிலோ மூட்டை ஒன்று 4,500 ரூபா, 100 கிராமில் 350 கிலோ கலோரி. இன்னொரு 3 கிலோ மூட்டை 3,600 ரூபா, 100 கிராமில் 280. இரண்டாவது 900 ரூபா மலிவு மாதிரித் தெரியும். வகுத்துப் பார்த்தால் இரண்டுமே ஆயிரம் கிலோ கலோரிக்கு 429 ரூபாதான். மலிவு மூட்டையில் நாய் கூடுதலாகத் தின்னும், கூடுதலாகக் கழியும், மூட்டையும் சீக்கிரம் முடியும்.

சில பக்கெட்டுகளில் கலோரி போட்டிருக்காது. அப்போது புரதத்தை 3.5ஆலும் கொழுப்பை 8.5ஆலும் மாச்சத்தை 3.5ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். மாச்சத்தையும் எழுதமாட்டார்கள், புரதம், கொழுப்பு, ஈரப்பதம், நார், சாம்பல் (அதாவது தாது உப்புகள்) ஐந்தையும் கூட்டி நூறிலிருந்து கழித்தால் வருவதுதான் மாச்சத்து. புரதம் 20, கொழுப்பு 10, ஈரப்பதம் 10, நார் 4, சாம்பல் 8 என்றால் மிச்சம் 48. கணக்கு 70 + 85 + 168, அதாவது 100 கிராமுக்கு 323 கிலோ கலோரி. சாம்பல் அளவு போடாத மூட்டைக்கு 8 என்று வைத்துக்கொண்டால் பெரிய பிழை வராது.

அடுத்து, நம் நாய்க்கு எவ்வளவு வேண்டும்? நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு தனியாக ஏறி, வித்தியாசத்தை எடுங்கள். அந்த எடையை அதே எடையால் இரண்டு தடவை பெருக்கி, போன் கல்குலேட்டரில் வர்க்கமூலப் பொத்தானை இரண்டு தரம் அமத்தி, 70ஆல் பெருக்க வேண்டும். 10 கிலோ நாய்க்கு 394 வரும். கருத்தடை செய்த வளர்ந்த நாய் என்றால் அதை 1.6ஆல் பெருக்க ஒரு நாளைக்கு 630 கிலோ கலோரி. எந்நேரமும் கட்டிக்கிடக்கும் நாய்க்கு 1.2 போதும். நாலு மாதத்துக்குள் உள்ள குட்டிக்கு 3, அதற்குப் பிறகு வளர்ந்து முடியும்வரை 2. மேலே சொன்ன முதல் மூட்டையில் 630 என்பது 180 கிராம், இரண்டாவதில் 225. நுவரெலியா குளிரில் வெளியே படுக்கும் நாய்க்கு மார்கழி, தை மாதங்களில் பத்து சதவீதம் கூட்டிப் போட்டு, இரண்டு வாரம் கழித்து விலாவைத் தடவிப் பாருங்கள். எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், ஆனால் கண்ணுக்குத் துருத்தித் தெரியக்கூடாது.

பின்பக்கத்தில் தேட வேண்டிய முக்கியமான சொல், அது முழுமையான சமச்சீர் உணவா என்பது. துணை உணவு, சிற்றுண்டி என்று எழுதியிருந்தால் அதை மட்டும் போட்டு வளர்க்க முடியாது. எந்த வயதுக்கு என்பதையும் பாருங்கள். பிராணி உணவுக்கு அளவு வகுக்கும் அமெரிக்காவின் ஆஃப்கோ (AAFCO) அமைப்பின் கணக்குப்படி, ஈரத்தைக் கழித்துப் பார்த்தால் வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18% புரதமும் 5.5% கொழுப்பும், குட்டிக்கு 22.5%, 8.5%. ஆஃப்கோ எந்த மூட்டைக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை, அளவை மட்டும்தான் வகுக்கிறது. ‘ஆஃப்கோ அங்கீகரித்தது’ என்று யாராவது விற்றால் அந்தப் பேச்சை நம்பவேண்டாம். டின் சாப்பாட்டில் 8% புரதம் என்று கண்டு ஒதுக்கவும் வேண்டாம். அதில் 78% தண்ணீர். மிச்ச 22இல் 8 என்றால் 36%. ஆனால் அந்தத் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம்.

இனி ரொட்டிக்கு வருவோம். தோட்டத்து லய வீடுகளின் நாய்களில் பல கோதுமை மா ரொட்டியிலும் மிஞ்சின சோற்றிலும்தான் வளர்கின்றன. வயிறு நிறையும், தசை பிடிக்காது. 10 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 28 கிராம் அளவில் புரதம் வேண்டும். 630 கிலோ கலோரியையும் கோதுமை மாவிலேயே கொடுத்தால் 17, 18 கிராம்தான் கிடைக்கும், அதிலும் லைசின் என்ற அவசியமான புரதக்கூறு குறைவு. தேங்காய்ப்பூ சேர்த்த ரொட்டி என்றால் புரதம் இன்னும் கீழே போகும்.

கையைக் கடிக்காத வழி, முக்கால்வாசி மூட்டைச் சாப்பாடு, கால்வாசி வீட்டுச் சாப்பாடு. அதே 10 கிலோ நாய்க்கு மூட்டையிலிருந்து 135 கிராம். அதோடு உப்பில்லாமல் அவித்த கோழி இதயமோ இரைப்பையோ 45 கிராம், சோறு 50 கிராம், அவித்த பூசணி 40 கிராம், காயவைத்து மாவாய் அரைத்த முட்டைக்கோதுத் தூள் இரண்டு விரலில் ஒரு சிட்டிகை. ஈரல் வாரத்துக்கு இரண்டு நாள், ஒரு சின்னத் துண்டு. தினமும் என்றால் விற்றமின் ஏ மிஞ்சிவிடும். வீட்டுப் பங்கு கால்வாசியைத் தாண்டினால் துத்தநாகம், அயடீன், விற்றமின் டி எல்லாம் குறையத் தொடங்கும், முட்டைக்கோது அதை ஈடுகட்டாது. முழுக்க வீட்டிலேயே சமைக்க விரும்பினால் மிருக வைத்தியரிடம் அளவுத்திட்டம் கேட்டு வாங்குங்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலை மலையகத்துக்கு எட்டின தூரம்தான்.

சோறு போடும் வீடுகள் கட்டாயம் கவனிக்க வேண்டியது லீக்ஸ். நுவரெலியாவிலும் வெலிமடையிலும் அது விளையாத பக்கம் குறைவு, சமையலில் சேராத நாளும் குறைவு. லீக்ஸ், வெங்காயம், பூண்டு மூன்றும் ஒரே குடும்பம். நாயின் சிவப்பு இரத்த அணுக்களை உடைக்கும். அவித்தாலும் வதக்கினாலும் நஞ்சு போகாது, குழம்பிலும் இறங்கியிருக்கும். வெங்காயம் உடல் எடையின் 0.5% உள்ளே போனாலே நஞ்சாகும், 10 கிலோ நாய்க்கு அது 50 கிராம். பூண்டின் நஞ்சு அதைவிடக் கடுமை. அன்றைக்கே ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து ஈறு வெளுத்து, மூத்திரம் தேயிலைச் சாய நிறத்தில் போகும்போதுதான் விழிப்போம். ஆகவே நாய்க்கான சோற்றைக் கறி ஊற்றும் முன்பே எடுத்து வைத்துவிடுங்கள். சமைத்த கோழி எலும்பும் வேண்டாம், ஊசி மாதிரிச் சிம்பு சிம்பாக உடையும்.

நியாயமான சாப்பாடு எது என்று கேட்டால் பலர் விலைகூடின பக்கெட்டைத்தான் காட்டுகிறார்கள். எங்கள் கணக்கு வேறு. மனிதர் வாங்காத இதயமும் இரைப்பையும் நுரையீரலும் சத்தான இறைச்சிதான். அறுத்த உயிரின் ஒரு பகுதியை வீசாமல் பயன்படுத்துவதைவிட நியாயம் என்ன இருக்கிறது? மாட்டிறைச்சியைவிடக் கோழிக்குச் சூழல் பாரமும் மிகக் குறைவு. தானியமில்லாத உணவு என்ற விளம்பரத்துக்குக் கூடுதல் காசு கொடுக்கவும் வேண்டாம். பருப்பு, பட்டாணி நிறைந்த அப்படியான சில உணவுகளுக்கும் நாய்களின் இதயத் தசை நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் விசாரிக்கத் தொடங்கியது. இதுதான் காரணம் என்று முடிவாகவில்லை.

வெள்ளிக்கிழமை மரக்கறிதான் என்ற வீட்டில், அன்றைய 45 கிராம் கோழிக்குப் பதிலாக 20 கிராம் சோயா மீட் போடலாம். சுவையூட்டாத வெறும் சோயாவாக இருக்கட்டும். சுவைத்தூளில் உப்பும் வெங்காயமும் பூண்டும் சேர்ந்திருக்கும். சுடுதண்ணீரில் ஊறவைத்து, இரண்டு தரம் பிழிந்து போடுங்கள்.

திறந்த சாக்கிலிருந்து நிறுத்துத் தரும் சாப்பாடு மலிவுதான். ஆனால் காலாவதித் தேதியும் தெரியாது, சாக்கு எப்போது திறந்தது என்றும் தெரியாது. நம் மூடுபனியில் அது ஈரத்தை இழுக்கும், கொழுப்பு காறிப்போகும், சோளம் சேர்ந்ததில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளடொக்சின் என்ற பூஞ்சை நஞ்சு ஈரலைக் கெடுக்கும். வாங்கும் முன் ஒரு கைப்பிடியை மோந்து பாருங்கள். பெயின்ட் வாடையோ பழைய எண்ணெய் வாடையோ வந்தால் திருப்பிக் கொட்டிவிடுங்கள். மூட்டையாக வாங்கினால் ஆறு கிழமைக்குள் முடியும் அளவில் வாங்கி, மூட்டையோடு சேர்த்தே மூடியுள்ள டின்னுக்குள் வைக்க வேண்டும். பலர் டின்னுக்குள் கொட்டி, பழைய தூளின்மேல் புதியதைப் போடுகிறார்கள். அடியில் கிடக்கும் காறின கொழுப்பு புதியதையும் கெடுக்கும். சாப்பாட்டில் பிழை இருந்தால் முறையிடத் தேவையான தொகுதி எண்ணும் மூட்டையோடு குப்பைக்குப் போய்விடும்.

புதிய சாப்பாட்டுக்கு ஏழு நாளில் மாற்றுங்கள். முதல் இரண்டு நாள் கால்வாசி, அடுத்த இரண்டு நாள் பாதி, பிறகு முக்கால். மலம் இளகினால் ஒரு படி பின்வாங்கி இரண்டு நாள் பொறுக்கவும். தட்டை இருபது நிமிடத்தில் எடுத்துவிடுங்கள், இரவில் வெளியே கட்டாயம் வைக்கவேண்டாம். மிச்சச் சாப்பாட்டு வாடைக்குத் தெருநாயும் காட்டுப்பன்றியும் வரும். தேயிலைக் காட்டோரத்து லயங்களில் நாய்களைத் தேடிச் சிறுத்தையும் வருவதுண்டு.