முதலில் ஒரு வாய்க்கால்

கும்பகோணத்தில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை. அறுவடை மெஷின் வைத்திருப்பவர்களையும் விவசாயிகளையும் சேர்த்துவைக்கும் தளம் என் பொறுப்பில் இருக்கிறது. இந்தத் தொழிலில் எல்லாரும் முதலில் கேட்பது, "எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள்?" என்பதுதான். எந்த ஊரில் எத்தனை பேர் என்று கேட்டால்தான் உருப்படியான பதில் கிடைக்கும்.

கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஈதர்நெட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான ராபர்ட் மெட்காஃபின் பெயரால் ஒரு கணக்கு உண்டு. 10 பேருக்குள் 45 இணைப்புகள் சாத்தியம். 20 பேர் என்றால் 190. ஆள் இரண்டு மடங்கானால் இணைப்பு நான்கு மடங்கைத் தாண்டும். கணக்கு சரிதான். ஆனால் மன்னார்குடியில் நிற்கும் மெஷினுக்கும் பூம்புகார் பக்கத்து வயலுக்கும் உள்ள இணைப்பு வெறும் காகிதத்தில்தான். சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் மெஷினை லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அந்த வாடகையைச் சேர்த்தால் யாருக்கும் கட்டாது.

அதனால், டெல்டா முழுக்க ஒரே நேரத்தில் தொடங்கலாம் என்று பேச்சு வந்தபோது விடாமல் மறுத்தேன். ஃபேஸ்புக்கே 2004 பிப்ரவரியில் ஹார்வர்டு மாணவர்களுக்கு மட்டும் தொடங்கி, கல்லூரி கல்லூரியாகப் போய், 2006 செப்டம்பரில்தான் எல்லாருக்கும் திறந்தது. நமக்கு அந்தக் 'கல்லூரி' எது? தாலுகா என்றார்கள். நான் வாய்க்கால் என்றேன்.

ஒரே வாய்க்காலில் தண்ணீர் வாங்கும் வயல்கள் ஏறத்தாழ ஒன்றாக நடவாகி ஒன்றாக அறுப்புக்கு வரும். மேட்டூர் ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-ல் ஜூலை கடைசி ஆகிவிட்டது. எப்போது திறந்தாலும் ஒரு வாய்க்கால்காரர்கள் ஒன்றாகத்தான் மெஷின் தேடுவார்கள். அதைவிட முக்கியமானது வேறு. உள்ளே இருக்கும் பல வயல்களுக்கு வண்டிப்பாதை கிடையாது. ரோட்டோரத்துக்காரர் அறுத்தால்தான் மெஷின் அடுத்த வயலில் இறங்க முடியும். அவர் எந்தத் தேதி போட்டிருக்கிறார் என்று தெரிந்தாலே உள்வயல்காரருக்குப் பாதிக் கவலை தீர்ந்துவிடும். பக்கத்து வயல்காரர் சேர்ந்தால் தனக்கு நல்லது என்பது புரிந்ததும் அவரே போய் அழைத்து வருகிறார். எந்த விளம்பரத்துக்கும் அந்தப் பலம் இல்லை.

மெஷின்காரர்களுக்கு வேறு வழி தேவைப்பட்டது. 1998-ல் தொடங்கிய ஓப்பன்டேபிள் என்ற தளம், அமெரிக்க ஓட்டல்களுக்கு மேசை முன்பதிவைக் கவனிக்கும் மென்பொருளைக் கொடுத்தது. தளத்துக்குக் கூட்டம் வராவிட்டாலும் ஓட்டலுக்கு அது பயன்பட்டது. நாங்கள் கொடுத்தது மணிக்கணக்கு நோட்டு. எத்தனை மணிக்கு வயலில் இறங்கியது, எப்போது ஏறியது, டீசல், டிரைவர் படி, பாக்கி எல்லாம் செல்போனிலேயே. வண்டியை இங்கே அனுப்பிவிட்டு சேலம் பக்கம் இருக்கும் ஓனருக்கு அது பெரிய நிம்மதி. "தம்பி, புக்கிங் வருதோ இல்லையோ, இந்த நோட்டை மட்டும் நிறுத்திடாதீங்க" என்றார் ஒருவர்.

புரோக்கர்களை ஒழிப்போம் என்று கிளம்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தை மழையில் கதிர் சாய்ந்து கிடக்கும்போது ராத்திரி பத்து மணிக்கும் போனை எடுப்பவர் புரோக்கர்தான். அவருக்கும் தளத்தில் ஒரு கணக்கு, அவர் கொண்டுவந்த வேலைக்கு அவர் பெயரில் கமிஷன் என்று வைத்தோம்.

ஒருமுறை தளம் வழியாக வந்தவர்கள் அடுத்த போகத்துக்கு நேராகப் போனில் பேசிக்கொள்வார்கள்தான். நம்பரை மறைத்துவைத்து அதைத் தடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த வயல்காரரின் தேதி இங்கே இருக்கிறவரை அவர்கள் திரும்பி வருவார்கள்.

இப்போது விவசாயிகள் கேட்பது, நெல் காயவைக்கும் களம் எங்கே காலியாக இருக்கிறது என்று ஊர்க்காரர்களே போடும் வசதி. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் சிக்கல் என்பதால் அவர்களுக்கு அது அவசரம். அதை முடித்துவிட்டு அடுத்த வாய்க்காலுக்குப் போகலாம் என்கிறேன். முதலாளி இந்தச் சம்பாவுக்கே இரண்டும் வேண்டும் என்கிறார். பேசிக்கொண்டிருக்கிறோம்.